நாலாவது தேசிக்காய்

எங்கள் வீட்டில் ஒரு வாகனம் கேற்றைத் தாண்டுவதென்றால் நாலு தேசிக்காய் உயிரை விட வேண்டும். அது அம்மாவின் சட்டம். சில்லுக்கு ஒன்றாக முன்னால் வைத்து, வாகனம் அவற்றை நசித்துக்கொண்டு புறப்பட்டால், வழியில் காத்திருக்கிற கண்ணூறெல்லாம் அதோடு போய்விடும். மற்ற வீடுகளில் புது வாகனம் வாங்கும்போது செய்வார்கள், தூரப் பயணம் என்றால் இன்னொரு தடவை செய்வார்கள். அம்மா அரை மணித்தியாலத் தூரத்துச் சாவகச்சேரியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்வரவும் செய்வித்தார். கொக்குவிலில் எங்கள் வளவின் பின்மூலையில் நின்ற தேசிமரம் வருடம் முழுவதும் காய்த்தும், ஊறுகாய் போட ஒரு காய் மிஞ்சுவதில்லை என்று அப்பா குறைப்பட்டுக்கொள்வார்.

காய்களை வைக்கிற வேலை என்னுடையது. ஒன்பது வயதில் எனக்கிருந்த ஒரே உத்தியோகம் அதுதான் என்பதால் அதை மிகவும் பாரமாக எடுத்துச் செய்தேன். காம்பு மேலே பார்க்க வேண்டும். சில்லின் நடுவுக்கு நேரே இருக்க வேண்டும். வைத்த பிறகு இரண்டடி பின்னால் போய் நின்று, ஒற்றைக் கண்ணை மூடி, நேராக இருக்கிறதா என்று பார்ப்பேன். என்னை யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

ரயில் மறுபடி யாழ்ப்பாணத்துக்கு ஓடத் தொடங்கிய அடுத்த வருடம், மாமா ஒரு பழைய பேக்கரி வானைக் கொண்டுவந்து வளவில் நிறுத்தினார். அம்மாவின் தம்பி அவர். அம்மாவோடு பிறந்தவர்களில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். சண்டை முடிந்து முகாமிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர், வந்த நாளிலிருந்து பின்னறையில் சாக்குக் கட்டிலில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் வந்து சாப்பிடுவார், கேட்டால் ஓம் என்பார், மறுபடி கட்டிலுக்குப் போய்விடுவார். அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் கட்டிலை விட்டு எழும்பி, பாண் வாசனை அடிக்கிற ஒரு வானுக்குள் ஏறி, அங்கேயே குடியிருக்கத் தொடங்கினார்.

ஆறு மாதம் வெட்டினார், ஒட்டினார், ஆணி அடித்தார். பாண் அடுக்கிய தட்டுகள் இருந்த இடத்தில் மடிக்கிற கட்டில் வந்தது. பக்கத்துச் சுவரோடு ஒரு குட்டிக் குசினி, காஸ் அடுப்பு, பிளாஸ்ரிக் பீப்பாவிலிருந்து தண்ணீர் வருகிற ஒரு கைகழுவும் தொட்டி. அம்மாவின் பழைய சேலை யன்னல் சீலையாயிற்று. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த அயலவர்கள், வீடிருக்க ஏன் இவன் வானுக்குள் வீடு கட்டுகிறான் என்று கேட்டார்கள். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற எங்கள் சனம் மலைநாடு பார்க்க ஆசைப்படும், ஹோட்டல் தேடி அலையாமல் வானிலேயே சமைத்து, வானிலேயே படுத்து, ஒருவரும் போகாத இடமெல்லாம் போய்வரலாம், அதற்கு இது, என்று மாமா விளக்கம் சொன்னார். அவ்வளவு நீளமாக மாமா பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. வேலை செய்யும்போது மெல்லப் பாடவும் செய்தார். குரல் நன்றாக இல்லை, ஆனாலும் அம்மா குசினி யன்னலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

கேட்டுக்கொண்டிருந்த அதே அம்மாதான் நிபந்தனையும் போட்டார்.

"முதல்லை எங்களை மலைக்குக் கொண்டுபோ. ஒரு கீறல் இல்லாமல் திருப்பிக் கொண்டுவந்து இந்த வளவுக்கை விடு. பிறகு மற்றச் சனத்தை ஏத்து. இல்லாட்டி உந்த வானை வித்துப்போட்டு வேறை வேலை பார்."

மாமா ஓம் என்றார். அக்கா சொன்னதைத் தட்டிப் பழக்கமில்லாதவர் அவர். வான் போனால் மாமா மறுபடி அந்தச் சாக்குக் கட்டிலுக்குப் போய்விடுவார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அது தெரிந்திருந்தது.

பயண ஆயத்தம் அமர்க்களமாக நடந்தது. மலைத் தண்ணீர் உடம்புக்கு ஒத்துவராது என்று அம்மா எங்கள் கிணற்றுத் தண்ணீரை நாலு பிளாஸ்ரிக் கலனில் நிரப்பினார். நீர்வேலியிலிருந்து ஒரு குலை கதலி வந்தது. ஒரு பை நிறையத் தேசிக்காய் என் பொறுப்பில் தரப்பட்டது. ஐந்து நாள் பயணம், ஒவ்வொரு நாளும் புது இடத்திலிருந்து புறப்படுகிறோம், ஆகவே நாளுக்கு நாலு என்பது அம்மாவின் கணக்கு.

அப்பா புவியியல் ஆசிரியர். இருபத்திரண்டு வருடமாகக் கரும்பலகையில் மலை கீறிப் படிப்பித்தவர், ஒரு மலையையும் கிட்ட நின்று பார்த்ததில்லை. ஆனையிறவைத் தாண்டும்போதே தேசப்படத்தை மடியில் விரித்துவிட்டார். மாத்தளைக்குக் கிட்டப் போகும்போது தூரத்தில் நீலமாக ஏதோ தெரிந்தது. நான் மழைமேகம் என்று நினைத்தேன். அப்பா வானை நிறுத்தச் சொல்லி இறங்கினார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கனநேரம் நின்றார். பிறகு ஏறி வந்து, "நான் கீறினதைவிடப் பெரிசாத்தான் கிடக்கு" என்று மட்டும் சொன்னார். அடுத்த தவணையில் அவருடைய மாணவர்கள் மலைகளைப் பலகையின் மேல் விளிம்புவரை கண்டிருப்பார்கள்.

நாங்கள் மட்டமான ஊரில் பிறந்தவர்கள். எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்றால் ரயில் கடவையில் இருக்கிற ஒரு முழ மேடுதான். நிறுத்திய வாகனம் நிறுத்திய இடத்தில் நிற்கும். வைத்த பொருள் வைத்த இடத்தில் கிடக்கும். மலையில் முதல் நாள் பின்னேரம் அம்மா வெங்காயம் உரித்து றோட்டோரம் வைத்தார், அது தானாக உருண்டு போயிற்று. அம்மா சிரித்துச் சிரித்து அதன் பின்னால் ஓடினார். நானும் ஓடினேன். அதிலிருந்து ஏதாவது படிக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

படித்தவர் மாமா மட்டும்தான். தண்ணீருக்கும் தேத்தண்ணிக்கும் நிறுத்துகிற இடமெல்லாம் லொறிக்காரர்களைப் பிடித்துக் கேள்வி கேட்டார். அப்புத்தளைக்கு அப்பால் ஒரு கடையில், தேயிலை மூட்டை ஏற்றுகிற லொறியின் சாரதி, வயதானவர், எங்கள் வானைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ராத்திரி வண்டிய நிப்பாட்டுனா ஸ்டியரிங்க மலப்பக்கமா ஒடிச்சி வச்சிடுங்க. ஓடுனாலும் மலையிலதான் போய் இடிக்கும், பள்ளத்துக்குப் போகாது. ஒரு கல்லையும் போட்டுக்குங்க." மாமா தலையாட்டிக் கேட்டார். அப்பா பக்கத்தில் நின்று அந்த மலையின் உயரத்தைச் சொன்னார். லொறிக்காரர் அதற்கும் மரியாதையாகத் தலையாட்டினார்.

அன்று இருட்டுவதற்கு முன்பே ஒரு தோட்டத்து றோட்டின் ஓரத்தில் வானை நிறுத்தினோம். இடது பக்கம் மலைச்சுவர், அதன் அடியில் மழைத்தண்ணீர் ஓடுகிற ஒரு கான். வலது பக்கம் தேயிலைச் செடிகள், அதற்குக் கீழே ஒன்றுமில்லை, வெள்ளைப் புகார், பனிமூட்டம்தான். வான் இறக்கத்தைப் பார்த்து நின்றது. ஹான்ட் பிரேக் யாழ்ப்பாணத்துக்குப் போதுமானது, மலைக்குப் போதாது. மூன்று நாள் இழுத்ததில் தளர்ந்துபோயிருந்தது. அடுத்த ரவுணில் ஒரு கராஜில் இறுக்க வேண்டும் என்று மாமா சொன்னார். சில்லை மலைப்பக்கம் திருப்பிவிட்டு, முன் இடது சில்லுக்கு முன்னால் ஒரு கல்லை உதைத்து இறுக்கினார். நான் அப்போது வானுக்குள் இருந்து கதலிப்பழம் தின்றுகொண்டிருந்தேன்.

விடிந்தபோது வாயைத் திறந்தால் புகை வந்தது. எனக்கு அது ஒரு பெரிய சாதனையாகப் பட்டது. ஊதி ஊதிப் பார்த்தேன். அப்பா கமெராவோடு வளைவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அம்மா வானுக்குள், பக்கத்து யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தேத்தண்ணி போட்டார். குளிரில் இஞ்சின் முறுக்கிக்கொண்டு நின்றது. மாமா அதை ஒருவழியாக இயக்கி, சூடாகட்டும் என்று ஓடவிட்டு, கியரை நடுவில் போட்டுவிட்டு இறங்கினார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் முடிந்திருந்தது. மேலே ஒரு நூறடி தூரத்தில் பாறையிலிருந்து ஒரு தண்ணீர்ப் பீலி ஊற்றிக்கொண்டிருந்தது. கலனைத் தூக்கிக்கொண்டு அங்கே நடந்தார்.

"பிள்ளை, வெளிக்கிடப் போறம். காயை வை" என்றார் அம்மா உள்ளேயிருந்து.

நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பின் இரண்டு சில்லுக்கும் வைத்தேன். முன் வலதுக்கும் வைத்தேன். முன் இடதுக்கு வந்தால், தேசிக்காய் வைக்க வேண்டிய இடத்தில் ஒரு கல் கிடந்தது.

எனக்கு எரிச்சல் வந்தது. யாரோ தோட்டத்து ஆட்கள் விட்டுவிட்டுப் போன ஒரு சேறுபிடித்த கல். அதற்கு முன்னால் காயை வைத்தால் சில்லு முதலில் கல்லில்தான் ஏறும், தேசிக்காய் இரண்டாவது ஆகிவிடும். இரண்டாவதாக நசிகிற தேசிக்காயில் என்ன பலன்? பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் கல்லைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. காலை ஊன்றி, இப்படியும் அப்படியும் ஆட்டி மறுபடி இழுத்தேன். மூன்றாம் தடவை வந்துவிட்டது. நல்ல கல், வீணாக எறியக் கூடாது என்று அதைத் தூக்கிக்கொண்டு போய் றோட்டோரத்து மதகுக்கட்டின் மேல் பக்குவமாக வைத்தேன். திரும்பி வந்து நாலாவது தேசிக்காயை வைத்தேன். காம்பு மேலே. சில்லுக்குப் பக்கமாக இரண்டடி பின்னால் போய் ஒற்றைக் கண்ணை மூடினேன்.

தேசிக்காய் நசிந்தது.

நான் முதலில் சந்தோஷப்பட்டேன். அவ்வளவு நேர்த்தியாக, சரியாக நடுவில் நசிந்தது. அடுத்த கணம்தான், வான் போகிறது, நான் வெளியே நிற்கிறேன் என்று விளங்கியது. என்னை விட்டுவிட்டுப் புறப்பட்டுவிட்டார்கள்! நான் பின்னால் ஓடினேன். "மாமா, நான் ஏறேல்லை! நான் இன்னும் ஏறேல்லை!" என்று கத்தினேன்.

மேலேயிருந்து மாமாவின் குரல் வந்தது. வானுக்குள் இருக்க வேண்டிய மாமா எனக்குப் பின்னால் எப்படி நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். தண்ணீர்க் கலனை எறிந்துவிட்டு அவர் ஓடி வந்துகொண்டிருந்தார். அவருடைய முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. "அக்கா! அக்கா!" என்பதைத் தவிர அவருக்கு வேறு சொல் வரவில்லை.

தளர்ந்த ஹான்ட் பிரேக் கொஞ்சநேரம் தாங்கிவிட்டுக் கைவிட்டிருந்தது. வான் மெல்லத்தான் உருண்டது. பதினைந்து அடி இருக்கும். திருப்பிவைத்த சில்லு சொன்ன சொல் கேட்டது. வான் வலப்பக்கத்துப் புகாரை எட்டிப் பாராமல் இடப்பக்கம் சாய்ந்து, முன் சில்லைக் கானுக்குள் இறக்கி, மலைச்சுவரோடு உரசிக்கொண்டு நின்றது. தகரம் கிழிகிற சத்தம் ஒன்று கேட்டது. பிறகு இஞ்சின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மாமா கதவைத் திறந்து உள்ளே பாய்ந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அம்மா தரையில் இருந்தார். தலையில் சீனி, மடியில் தேயிலைத் தூள், கையில் கேத்தலின் மூடி. கேத்தல் மற்றப் பக்கத்தில் ஒரு பிசகும் இல்லாமல் அடுப்பின் கம்பிக்குள் நின்றது. அது மாமா ஒட்டிய கம்பி.

"ஒண்டுமில்லை. எனக்கு ஒண்டுமில்லை" என்றார் அம்மா. "பிள்ளை எங்கை?"

"இஞ்சை நிக்கிறன்" என்றேன். அம்மா என்னை இழுத்து அணைத்தார். எனக்கும் சீனி ஒட்டியது. மாமா அடுப்பை நிறுத்தினார், இஞ்சினை நிறுத்தினார், இறங்கினார், கானின் ஓரத்தில் குந்தினார். உயிர் போய் வந்தது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். அப்பா வளைவைச் சுற்றி ஓடி வந்து, எல்லோரையும் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்.

எனக்கும் அப்போது கல்லின் நினைவு வந்தது. சில்லுக்கு முன்னால் கிடந்தது, நான் எடுத்தேன், வான் உருண்டது. ஒன்பது வயது மூளைக்குக்கூட இந்த மூன்றையும் கோர்க்க முடிந்தது. மாமா எழும்பி, வான் முதலில் நின்ற இடத்துக்கு வந்தார். நசிந்த தேசிக்காயைப் பார்த்தார். மதகுக்கட்டில் பக்குவமாக இருந்த கல்லைப் பார்த்தார். பிறகு என்னுடைய சேறுபிடித்த கைகளைப் பார்த்தார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மாமா போய் அந்தக் கல்லைத் தூக்கி, முழுப் பலத்தோடும் கீழே தேயிலைக்குள் எறிந்தார். மாமாவுக்குக் கல்லில்தான் கோபம் என்று நினைத்தேன். எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

அம்மா இறங்கி வந்து, "என்னெண்டு தம்பி ஓடினது?" என்று கேட்டார்.

"கல்லு சின்னன் அக்கா. வழுக்கியிட்டுது. நான் வடிவாப் பார்த்து வைக்கேல்லை." மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என்ரை பிழை."

அம்மா வானின் இடப்பக்கம் போனார். முன் கதவிலிருந்து பின் சில்லுவரை நீளக் கீறியிருந்தது, நடுவில் ஒரு நெளிவு. அம்மா அதை விரலால் தடவிக்கொண்டே கடைசிவரை நடந்தார். ஒரு கீறல் கூடாது என்று சொன்னவர். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வகுப்பில் பெயில் என்று பெயர் வாசிக்கப்படப்போகிற பிள்ளை மாதிரி இருந்தது அவருடைய நிலை. எனக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அது இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான்.

அம்மா திரும்பி வந்தார். மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மாமாவைப் பார்த்தார்.

"பூசினால் போச்சு" என்றார். "வீட்டை போய் பெயின்ற் அடிச்சுப்போட்டு, சனத்தை ஏத்து."

"அக்கா?"

"ஏத்து எண்டு சொல்லுறன். காது கேக்கேல்லையே?"

மாமா வானுக்குப் பின்னால் போய்விட்டார். கனநேரம் வரவில்லை. பின்பக்கத்தில் வேறு கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறாராக்கும் என்று நினைத்து நானும் போகப் பார்த்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. கொழுந்து எடுக்கப் போன தோட்டத்துப் பெண்களும் பின்னால் வந்த ஆண்களுமாகப் பத்துப் பேர் சேர்ந்து தள்ளி வானைக் கானிலிருந்து ஏற்றித் தந்தார்கள். மிச்சமிருந்த சீனியில் அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். மிச்சம் இரண்டு நாளும் மாமா பாடிக்கொண்டே ஓட்டினார். அம்மா ஒருமுறையும் மெல்ல ஓட்டு என்று சொல்லவில்லை. அம்மாவுக்குத் தலையில் ஏதாவது பட்டிருக்குமோ என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

மாமாவின் வான் இன்றைக்கும் மலைக்கு ஓடுகிறது. இப்போது அது மூன்றாவது வான். மரத்தில் செய்த நாலு கட்டைகள் அதற்குள் எப்போதும் இருக்கின்றன, சிவப்புப் பூசி, கயிற்றில் கோர்த்தபடி. தேசிக்காய் வைக்கிற வேலையை அந்தப் பயணத்துக்குப் பிறகு மாமா என்னிடம் தரவேயில்லை, தானே வைத்துக்கொண்டார். நான் பெரிய பிள்ளையாகிவிட்டதால் என்று நினைத்தேன்.

போன மாதம் நானும் கூடப் படிக்கிற நாலு பேரும் மாமாவின் வானில் மலைக்குப் போக ஆயத்தம் செய்தோம். அம்மா எங்களுக்குப் பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார். பதினொரு வருடம் தாங்கியது போதும் என்று நினைத்து, பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கல்லை எடுத்தது நான், மாமாவில் பிழை இல்லை என்றேன்.

"தெரியும்" என்றார் அம்மா. பணியாரத்தைத் திருப்பிப் போட்டார். "யன்னலாலை பார்த்துக்கொண்டுதானே நிண்டனான். நீ காலை ஊண்டி இழுத்ததையும் கண்டனான், கொண்டுபோய் மதகிலை வச்சதையும் கண்டனான்."

"அப்ப ஏன் என்னை மறிக்கேல்லை?"

"கல்லு எதுக்கெண்டு எனக்கு மட்டும் தெரியுமே? பிள்ளை என்ன வடிவாத் துப்புரவாக்கித் தேசிக்காய் வைக்குது எண்டு நினைச்சுக்கொண்டு தேத்தண்ணி ஊத்தினன்." அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அது அடங்கிய பிறகு சொன்னார்: "அவன் தன்ரை பிழை எண்டு சொல்லேக்கை, வான் தன்ரை கையை விட்டுப் போகுமெண்டு தெரிஞ்சுதான் சொன்னவன். அதுக்குப் பிறகும் உவனை நம்பிச் சனத்தை ஏத்தாமல், வேறை ஆரை நம்பி ஏத்துறது?"

நான் வெளியே வந்தேன். மாமா புறப்படுவதற்காக வானின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேசிக்காய்ப் பை இருந்தது. இன்றைக்கு நான் வைக்கட்டுமா என்று கேட்டேன். மாமா என்னைப் பார்த்தார். குசினி யன்னலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். பிறகு பைக்குள் கையை விட்டு மூன்று காய்களை எடுத்து என் கையில் தந்தார்.

முன் இடது சில்லுக்கு உரியதைத் தானே வைத்தார்.